அவர் சொல்லி முடிக்கும்வரை

அந்தத் தெருவில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்செட்காரரின் கைவேலை. யார் வாயில் எது சொந்தம், எது தான் செய்தது என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டார். தொழில் மரியாதை ஒரு காரணம். சொல்ல ஆரம்பித்தால் முடிக்க நேரமாகும் என்பது இன்னொரு காரணம். அவருக்குத் திக்குவாய்.

"ஊர்ல எல்லார் வாயையும் சரி பண்றான், தன் வாயை மட்டும் அப்படியே விட்டுட்டான்" என்று அவருடைய அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வருகிறவர்கள் சிரிப்பார்கள். பல்செட்காரரும் சிரிப்பார். ஆரம்பத்தில் நிஜமாகவே சிரிப்பு வந்தது, பிறகு பழக்கத்தில்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகு இளக்கும் கத்தி, பிளாஸ்டர் கலக்கும் ரப்பர் கிண்ணங்கள், தாடை மாதிரியே திறந்து மூடும் பித்தளைச் சட்டங்கள். நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சைப் பல் டாக்டர்கள் அனுப்பிவைப்பார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் கழற்றி, ரோஸ் நிற மெழுகின்மேல் ஒவ்வொரு பல்லாக வரிசை வைப்பது இவர் வேலை. எங்கே பார்த்தாலும் வெள்ளைத்தூள். "மாவு மில்லுல வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கு" என்று அக்கா துடைத்துக்கொண்டே இருப்பாள்.

மேஜையின் மூலையில் போன். அது அடித்தால் அக்காதான் எடுப்பாள், சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து. "ஆமா டாக்டர், மேல்செட்டு நாளைக்கு ரெடி டாக்டர். கீழ்ச்செட்டுக்கு அச்சு சரியா விழலயாம், இன்னொரு தடவை எடுத்து அனுப்பிடுங்க டாக்டர்." அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அநேகமாக அவர் தலையாட்டுவதற்கு முன்பே அவள் சொல்லி முடித்திருப்பாள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கேட்டபோது, வகுப்பு வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பதில் சொன்னாள். கல்யாணப் பேச்சு நடந்த ஒரு வீட்டில், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று அந்தப் பெண் இவரைப் பார்த்துக் கேட்டாள். அக்கா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "அந்தம்மாவுக்கு வரன் பார்க்கறதா இருந்தா இன்னிக்கே முடிச்சிருக்கலாம்" என்று பெண்ணின் அப்பா பிறகு யாரிடமோ சொன்னாராம். கொஞ்ச காலத்தில் அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்தார். அவள் ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தம்பியின்மேல் அவளுக்கு உயிர். அதனால்தான் அவன் வாயில் ஒரு சொல் மாட்டிக்கொண்டு தவிப்பதை அவளால் ஒரு நிமிஷம்கூடப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

கிறிஸ்தவ சபைக்கு அவரைக் கூட்டிப்போனது ஒரு பஸ் டிரைவர். திடீர் பிரேக் போட்டதில் ஸ்டியரிங்கில் வாய் மோதி, முன்பற்களை இழந்த மனுஷர். பல்லின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க டாக்டர் நேரே பட்டறைக்கே அனுப்பிவைத்திருந்தார். மெருகு போட்டு முடியும்வரை காத்திருந்த டிரைவர், பல்லில்லாத வாயால் ஏதோ சபைப் பாட்டை முணுமுணுத்தார். இரண்டாவது தடவை அதே வரி வந்தபோது பல்செட்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன பிரதர் இது! பேசறப்ப மேடு பள்ளமா இருக்கு, பாடறப்ப தார் ரோடு மாதிரி ஓடுது!"

அது திக்குகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். சேர்ந்து பாடினால் திக்காது. சேர்ந்து சொன்னாலும் திக்காது. ஆனால் சேர்ந்து பாட அவருக்கு யார் இருந்தார்கள்? அடுத்த ஞாயிறு டிரைவரோடு போனார். பழைய கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்படித்து, நாற்காலிகள் போட்டுச் சபையாக்கியிருந்தார்கள். அத்தனை பேர் குரலுக்கு நடுவே தன் குரலும் வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்டு அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. கடவுளுக்காக அவர் அன்றைக்குப் போகவில்லை. பாட்டுக்காகத்தான் போனார். அதை ஒருநாளும் மறைத்ததும் இல்லை.

பிறகு போதகரின் பிரசங்கம் கேட்கவும் உட்கார்ந்தார். பிறகு வியாழக்கிழமைகளில் டிரைவர் வீட்டு மாடியில் நடக்கும் வீட்டுக்கூட்டத்துக்கும் போனார். அங்கே ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், டிரைவரின் மனைவி, எப்போதும் தூங்கிவிடும் ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லோரும் அவர் நாக்குக்காக ஜெபித்தார்கள். வேதத்தில் வரும் திக்குவாய்க்காரரைப் பற்றி ஆளுக்கு ஒருமுறை ஆறுதலாகச் சொன்னார்கள். அவரும் ஜெபித்தார். பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டர் இறுகுகிற நேரத்தில், சத்தமாக, திக்கித் திக்கி. வருஷக்கணக்கில் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் கோபத்தில் ரப்பர் கிண்ணத்தைச் சுவரில் எறிந்துவிட்டு, சபைப் பக்கமே போகாமல் இருந்தார். டிரைவர் மட்டும் வந்து, ஒன்றும் கேட்காமல், தன் பல்செட்டைக் கழற்றி, "கொஞ்சம் குத்துது, தேய்ச்சுக் குடுங்க" என்று நீட்டினார். குத்தவில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் தேய்ப்பதுபோல் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு போய்விட்டார்.

அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோதுதான் அவருக்குள் ஏதோ மாறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், வீட்டுக்கூட்டத்து ஆட்கள் முறைவைத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தையல்காரர் பட்டன் தைக்கும் வேலையைக் கொண்டுவந்து தைத்தார். தபால்காரர் வந்தார், தூங்கினார், போனார். யாரும் அவரைப் பேசவைக்கவில்லை. அக்கா கண் விழித்து, "யாருடா இவங்கல்லாம்? ஏதோ சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்காங்க" என்று திட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: ஆஸ்பத்திரியில் இருந்த இத்தனை நாளும் அவர் ஜெபித்திருக்கிறார், ஆனால் நாக்கைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மறந்தே போயிருந்தது.

அடுத்த மாதம் போதகரிடம் போய், ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். "ஞா" என்ற எழுத்தைத் தாண்டவே வெகுநேரம் ஆனது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். தண்ணீரில் இறங்குமுன், ஆராதனையில் எழுந்து நின்று, தான் விசுவாசத்துக்கு வந்த கதையை, தன் சாட்சியை, தன் வாயால் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு வாக்கியம் போதும். போதகர் தயங்கினார். "உங்களுக்கு வேணும்னா நானே வாசிச்சுடறேன். எழுதிக் கொடுங்க."

பல்செட்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அவரிடம் தயாராக இருந்தன. பேச்சு வர வேண்டுமென்று கேட்டேன், கர்த்தர் கொடுக்கவில்லை, ஆனாலும் விசுவாசிக்கிறேன். இவ்வளவுதான். வேறு யார் சொன்னாலும் அது அவருடைய சாட்சி ஆகாது. தன் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தையாவது தானே சொல்லி முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஞாயிறு எழுந்து நின்றார். சபை நிறைந்திருந்தது.

"நான் பே... பேச்சு வரணும்னு ரொ... ரொம்ப நாள் ஜெ... ஜெபம் பண்ணேன்" என்றார். இதுவரை வந்ததே பெரிது. "கர்த்தர்... க... கர்த்தர்..."

அங்கே நின்றுவிட்டது. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. அந்தச் சபைக்கு மௌனம் பழக்கமில்லை. யாராவது தடுமாறினால் அன்போடு தாங்கிப் பிடிப்பார்கள். "ஸ்தோத்திரம்" என்றார் ஒருவர். "ஆமென்" என்றார் இன்னொருவர். முதல் வரிசையில் இருந்த டிரைவரால் பொறுக்க முடியவில்லை. ஹாரன் அடிக்காமல் ஒரு தெருவைத் தாண்டத் தெரியாத மனுஷர் அவர்.

"கொடுத்தார்!" என்று கூவினார். "கர்த்தர் கொடுத்தார்! எவ்வளவு அழகாப் பேசிட்டார் பாருங்க! அல்லேலூயா!"

கூரை அதிர்ந்தது. கைதட்டல். யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்செட்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போனதும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அக்கா பால் வாங்கப் போனவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "டேய், உனக்குப் பேச்சு வந்துடுச்சாமே? பால் பூத்துல சொல்றாங்க. எனக்கே தெரியாம எப்படா வந்துது?"

அவர் சிரிக்கவில்லை. மெழுகில் வைத்த பல்லைப் பிடுங்கி மறுபடி வைத்தார்.

மதியம் ஒரு அம்மாள் வாசலில் நின்றாள். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இங்க ஒருத்தருக்கு ஜெபத்துல திக்குவாய் சரியாச்சுன்னு சொன்னாங்க. என் பொண்ணுக்கும் இதே கஷ்டம்தாங்க. ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டேங்கறா. எப்படி ஜெபம் பண்ணணும்னு அவர்கிட்ட கேட்டுட்டுப் போலாம்னு..."

பல்செட்காரர் எழுந்தார். "இ... இல்லம்... இ..."

அக்காவுக்குத் தம்பியின் மானம் பெரிது. ஊரே பேச்சு வந்துவிட்டது என்று கொண்டாடும்போது, முகம் தெரியாத ஒருத்தி முன்னால் அவன் இப்படித் தவிக்கலாமா? "முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைம்மா" என்று குறுக்கே புகுந்தாள். "நல்லா ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு அவர் அக்காவைப் பார்த்தார். "ஏ... ஏன்க்கா?" அவ்வளவுதான் கேட்டார். அக்கா சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

சாயங்காலம் டிரைவர் சந்தோஷமாக வந்தார். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை வாங்கியிருந்தார். பல்செட்காரர் அவரை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் வழக்கம்போல் நடுவில் புகுந்தார்: "சந்தோஷத்துல வார்த்தை வரல, அதானே?" இல்லை என்று கை காட்டினார். "பயமா இருந்துச்சா?" இல்லை. "அப்ப உடம்பு கிடம்பு..." பல்செட்காரர் மேஜையிலிருந்த ஒரு பித்தளைத் தாடையை எடுத்து டிரைவர் முன்னால் வைத்து, அதை 'டப்' என்று மூடினார். டிரைவரும் மூடிக்கொண்டார்.

பிறகுதான் அது வெளியே வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கர்த்தர் கொடுக்கவில்லை.

டிரைவர் முகத்திலிருந்த ஒளி இறங்கிப்போனது. அந்தப் பித்தளைத் தாடையை எடுத்துத் திறந்து பார்த்தார்.

"நீங்க என் வாயில பல்லு வச்சீங்க, பிரதர்" என்றார். "நான் உங்க வாயில பொய்ய வச்சுட்டேன்."

இருவரும் போதகர் வீட்டுக்குப் போனார்கள். போதகர் நல்ல மனிதர். யாரையும் சங்கடப்படுத்தப் பிடிக்காதவர். "நான் சொன்னா சுமுகமா முடிஞ்சுடும். நானே அறிவிச்சுடறேனே" என்றார்.

"இ... இல்ல பாஸ்டர். நா... நான்தான்."

"மறுபடியும் நின்னுடுச்சுன்னா?"

"நி... நிக்கும்" என்றார் பல்செட்காரர். "நி... நிக்கட்டும்."

அந்த வியாழக்கிழமை டிரைவர் வீட்டு மாடியில் நடந்தது ஜெபக்கூட்டமா, பயிற்சி வகுப்பா என்று சொல்வது கடினம். பல்செட்காரர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அவர் உட்காரும்வரை யாரும் ஒரு சத்தம் போடக் கூடாது. ஸ்தோத்திரம் கிடையாது, ஆமென் கிடையாது, 'உச்' கொட்டுவதுகூடக் கிடையாது. கேட்க லேசாக இருந்தது. முதல் தடவை நர்ஸ் தோற்றாள்: "என்னால முடியலைங்க, ஊசி போடறப்பகூட நான் 'அவ்வளவுதான், முடிஞ்சுது'ன்னு சொல்லிக்கிட்டேதான் போடுவேன்!" இரண்டாவது தடவை தையல்காரரின் தொண்டை அவரை மீறிக் கனைத்தது. டிரைவர் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். தபால்காரர் மட்டும் முதல் தடவையிலேயே தேறினார், தூங்கிக்கொண்டிருந்ததால். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கடைசியில் அந்த அறை அமைதியானது. அந்த அமைதியில் அவருக்கு இன்னும் திக்கத்தான் செய்தது. ஆனால் யாரோ பின்னால் துரத்துகிற பயம் இல்லை.

ஞானஸ்நான ஞாயிறன்று, "தண்ணியில இறங்கப் போறான், துண்டு யார் எடுத்துட்டுப் போவா?" என்று சொல்லிக்கொண்டு அக்காவும் கிளம்பினாள். அவள் சபைக்கு வருவது அதுதான் முதல் தடவை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். நடுவரிசையில் அந்த அம்மாளும் பெண்ணும்.

பல்செட்காரர் வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார்.

"போ... போன வாரம் நீ... நீங்க கேட்ட சாட்சி த... தப்பு. கர்த்தர்... க..."

நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒருவர் "ஸ்தோ" என்று தொடங்கினார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் ஒரு விரலை உயர்த்தினார். "ஸ்தோ" அங்கேயே அடங்கியது. சபை முழுவதும் நாற்காலி நுனியில் இருந்தது. கதவோரம் அக்காவின் உதடு அசைந்தது. தம்பி எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும், ஒரு மூச்சில் எடுத்துக் கொடுத்துவிடலாம். அவர் அவளையே பார்த்தார். அவள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கர்த்தர் கொ... கொடுக்கல" என்றார். "என் நாக்கு அப்படியேதான் இ... இருக்கு. அத நம்பி யாரும் ஏ... ஏமாற வேண்டாம். எனக்குக் கோ... கோபம் இருந்துச்சு. இப்ப இல்ல. அக்கா ஆ... ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்க வந்து சும்மா உ... உட்கார்ந்தீங்க. அப்ப நெ... நெனச்சேன். நான் த... தனியா ஜெபம் பண்றப்பவும் திக்கும். எவ்வளவோ நே... நேரம் ஆகும். ஒரு நா... நாள்கூட அவர் எனக்காக மு... முடிச்சு வச்சதில்ல. நான் சொ... சொல்லி முடிக்கற வரைக்கும் இ... இருக்கார். அதனால வி... விசுவாசிக்கறேன்."

ஒரு சத்தமில்லை. பிறகு அவர் கடைசிச் சொல்லுக்கு வாயைத் திறந்தார்.

"ஆ..." என்றார். "ஆ... ஆ..."

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சொல் தெரியும். பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறார்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். டிரைவரின் முகம் சிவந்துவிட்டது. நர்ஸ் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். போதகர் கூரையைப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

"ஆமென்" என்றார் பல்செட்காரர்.

அதன்பிறகு எழுந்த முழக்கத்தில் டிரைவரின் குரல்தான் ஓங்கியிருந்தது. அந்த வேகத்துக்குப் பல்செட் கழன்று விழுந்திருக்க வேண்டும். நல்ல வேலைப்பாடு, விழவில்லை.

தண்ணீரிலிருந்து ஏறி, அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்தாள். முகம் கோணியிருந்தது. "ஒரு வாரம் எவ்வளவு நம்பிக்கையா இருந்தேன் தெரியுமா?"

"அவன் பொய் சொல்லலம்மா" என்றாள் அக்கா. "நான்தான் சொன்னேன். என்னைத் திட்டு."

அம்மாள் திட்டவில்லை. அவள் பின்னாலிருந்த பெண்தான் முன்னால் வந்தாள். "அங்கிள், த... தண்ணி கு... குளிரா இருந்துச்சா?"

"ரொ... ரொம்ப" என்றார் அவர். "ப... பல்லு கிடுகிடுன்னு ஆ... ஆடிடுச்சு."

அந்தப் பெண் சிரித்தாள். அம்மாள் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பட்டறையில் போன் அடித்தது. அவர் கை முழுக்க பிளாஸ்டர். அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தவள் நடுவழியில் நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"உனக்குத்தான்" என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். "ஹ... ஹ..."

அக்கா திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அதன் முன்னால் நின்றாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.